கட்டைவிரலுக்குள் அடங்காத லாரி

மொத்தம் முப்பத்தெட்டுப் பேர், தம்பி. பேப்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் என்று போட்டிருந்தான். நம்பாதீர்கள். நான் எண்ணினேன்.

சொல்கிறேன், கேளுங்கள். டேங்கர் லாரி டிரைவர் ஒருவர். டீக்கடைத் தங்கப்பழம் ஒன்று. அவன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். சலூன்கடை மந்திரம் ஒன்று. அவர் நாற்காலியில் பாதிச் சவரத்தில் இருந்த வார்டு மெம்பர் வள்ளிநாயகம் ஒன்று. பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலு பேர். ஆடு மேய்க்கிற உய்க்காட்டான் ஒன்று. அவனுடைய ஆடுகள் பதினொன்று, அதை நான் சேர்க்கவில்லை. நூறு நாள் வேலையில் ஓடையைத் தூர் வாரிக்கொண்டிருந்த பெண்கள் இருபத்துநாலு. அவர்களை மேற்பார்வை பார்க்கிற ஜெபசெல்வி ஒன்று. அப்புறம் நான். கூட்டிப் பாருங்கள், முப்பத்தெட்டு வரும்.

அந்த இருபத்துநாலில் என் வீட்டுக்காரியும் ஒருத்தி. அவளைத் தனியாகச் சொல்லவில்லை. சொன்னால் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும்.

இடம், எங்கள் ஆவாரங்காட்டு விலக்கு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற முனை. இந்த பஸ் அங்கே நிற்கும். விலக்கில் ஒரு எடைமேடை இருக்கிறது, லாரியை ஏற்றி எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிற இடம். அங்கே நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்தில் கொஞ்சம் தகராறு உண்டு. எண்ணில் தகராறு கிடையாது. ஆட்களோடு பேசுவதும் எனக்கு வராது. உங்களிடம் எப்படிப் பேசுகிறேன் என்கிறீர்களா? நீங்கள் இனிமேல் என்னைப் பார்க்கப்போவதில்லை. அதனால் பேச வருகிறது.

ரசாயனம் ஏற்றுகிற டேங்கர்களுக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். யாரும் பார்ப்பதில்லை. அதில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். வண்டி நம்பர் இல்லை, வேறு. உள்ளே இருக்கிற சரக்குக்கான எண். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தச் சரக்குக்கு அதே எண்தானாம். எடைச்சீட்டுக்கு அது தேவையில்லை. ஆனாலும் கண்ணுக்கு முன்னால் ஒரு எண் நிற்கும்போது எழுதாமல் விட எனக்கு மனசு வராது. எழுதுவேன். டிரைவரிடம் இது என்ன சரக்கு என்று கேட்பேன். ஆயிரத்து இருநூற்று மூன்று பெட்ரோல். ஆயிரத்து இருநூற்று இரண்டு டீசல். இப்படி இருபத்தாறு எண் எனக்குத் தெரியும்.

ஒரு டிரைவர், வயதானவர், ஒருநாள் சீட்டு வாங்கும்போது சொன்னார். "அண்ணாச்சி, இந்தப் பலகை போட்ட வண்டி எங்கயாச்சும் கவுந்து கெடந்தா, கையை நீட்டும். ஒரு கண்ணை மூடும். கட்டவெரலைத் தூக்கிப் பாரும். வண்டி முழுசும் வெரலுக்குப் பின்னால மறைஞ்சுதுன்னா நீரு தூரத்துல நிக்கீரு. மறையலைன்னா கிட்ட நிக்கீரு. ஓடும்." அவ்வளவுதான் பாடம். எனக்குப் பிடித்துவிட்டது. எடைமேடைக்கு வெளியே நின்று வருகிற லாரி போகிற லாரியை எல்லாம் விரலால் அளந்து பார்ப்பேன். தங்கப்பழம் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி ஓசி லிஃப்ட் கேக்காரு" என்பான்.

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தி அதே வளைவில் ஒரு பாமாயில் டேங்கர் கவிழ்ந்தது. ஊரே குடத்தோடு வந்து பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதம் எங்கள் ஊரில் எந்த வீட்டைத் தாண்டினாலும் வடை வாசனை. எண்ணெய் வராத வீடு ஒன்றே ஒன்று. என் வீடு. நானும் போனேன். வாளியோடுதான் போனேன். முன்னால் நின்றவர்களை இடித்துக்கொண்டு போகக் கூச்சமாக இருந்தது. என் முறை வரும்போது டேங்கர் காலி. என் வீட்டுக்காரி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக, அப்பளம் பொரிக்கிற ஒவ்வொரு நாளும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

இனி அன்றைக்கு நடந்தது. ஆடி மாதம், புதன்கிழமை, காலை பத்து நாற்பது. வளைவில் ஒரு டேங்கர் திரும்பியது, திரும்பிக்கொண்டே சாய்ந்தது, சாய்ந்து பள்ளத்து ஓரமாகப் படுத்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. மேல்மூடிப் பக்கமிருந்து வழிய ஆரம்பித்தது. வெயிலில் நல்ல மஞ்சளாகத் தெரிந்தது.

தங்கப்பழம்தான் முதலில் குரல் கொடுத்தான். "ஏய், எண்ணெய் லாரி டோய்!"

ஓடையில் இருபத்துநாலு மண்வெட்டியும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. எல்லாரும் ஊரைப் பார்த்து ஓடினார்கள், குடம் வாளி என்று ஏனம் எடுக்க. நூறு நாள் வேலையில் அவர்கள் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

நான் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாமாயில் கவிழ்ந்தபோது அந்த டிரைவர் லாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இந்த டிரைவர் கண்ணாடி வழியாக வெளியே வந்தார், ஒரு தடவை காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார், காற்றுக்கு எதிராக ஓடினார். திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. சரக்கோடு நானூறு கிலோமீட்டர் வந்த மனிதன் அந்தச் சரக்கைக் கண்டு இப்படி ஓடுகிறான் என்றால் அதில் வடை சுட முடியாது.

அடுத்தது ஆடுகள். உய்க்காட்டானின் பதினொரு ஆடும் புல்லை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மேற்கே நடந்தன. சிந்தியதிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று எழும்பித் தரையோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. எனக்கும் மூக்கில் ஏறியது.

ஜெபசெல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பிள்ளை பெற்றவள், தைரியசாலி. வேலைக்கு வந்தவர்களைக் காலையில் படம் எடுத்து மேலே அனுப்புவதற்கு அவளிடம் ஒரு போன் உண்டு. "ஜெபசெல்வி, அந்த லாரிக்குப் பின்னால பலகை இருக்கு. இங்க நின்னமானைக்கே பெருசாக்கிப் படம் எடு. கிட்டப் போகாத" என்றேன்.

"ஆளு இல்லாத ஓடையப் படம் எடுத்ததுக்கே மேல என்ன சொல்லப்போறாங்களோ. இப்ப லாரியை எடுக்கச் சொல்லுதீக" என்றாள். ஆனாலும் எடுத்தாள். விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். லாரி படுத்திருந்ததால் எண்ணும் படுத்திருந்தது. தலையைச் சாய்த்து வாசித்தாள். "ஒண்ணு. ஏழு. எட்டு. ஒம்பது."

எனக்கு நோட்டே தேவைப்படவில்லை. உப்பு அமிலம். டிரைவர்கள் சும்மா ஆசிட் என்பார்கள்.

நூற்றுப் பன்னிரண்டுக்கு அவள்தான் போன் போட்டாள். எனக்குப் போனில் பேச வராது. அவர்கள் கேட்பதை அவள் என்னிடம் சொல்ல, நான் அவள் காதில் சொல்ல, அவள் அவர்களுக்குச் சொன்னாள். என்ன எண்? சொன்னோம். ஆளுக்கு அடி பட்டிருக்கா? டிரைவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் இல்லை என்றோம். காற்று எந்தப் பக்கம்? அதற்குத்தான் விலக்கில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பம் இருக்கிறதே. இரண்டு கொடியும் ஒரே பக்கமாகப் பறந்து நான் பார்த்தது ஆடிக் காற்றில் மட்டும்தான். மேற்கிலிருந்து கிழக்கே என்றோம். கிழக்கே வெறும் கரிசல் காடு, வீடு கிடையாது.

"யாரும் கிட்டப் போகக் கூடாது. தொடக் கூடாது. எல்லாரும் மேற்கே வந்து தூரமா நிக்கணும். அடுப்பை அணைச்சிரணும். வண்டி கிளம்பியாச்சு, இருபத்தஞ்சு நிமிசத்துல வந்துருவாங்க" என்றது அந்தக் குரல்.

தங்கப்பழத்தை அடுப்பை அணைக்கச் சொன்னோம். "பால் திரிஞ்சுபோகும்" என்றான். உய்க்காட்டானின் ஆடுகள் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு அணைத்தான். டீ குடித்த மூன்று பேர், பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர், மந்திரம், எல்லாரும் மேற்கே வந்தார்கள். விரலை நீட்டிக் காட்டினேன். ஆளாளுக்கு நீட்டிப் பார்த்து, லாரி மறைகிறவரை பின்னால் போனார்கள். தங்கப்பழத்துக்குக் கட்டைவிரல் குட்டை. அவன்தான் ரொம்ப தூரம் போகவேண்டியிருந்தது.

மெம்பர் வரவில்லை. கழுத்தில் சலூன் துண்டு, ஒரு கன்னம் சுத்தம், மறு கன்னத்தில் நுரை. ஊர்ப் பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் கையை விரித்து நின்றுகொண்டு கத்துகிறார். "தள்ளுமுள்ளு கூடாது! போன தடவை மாதிரி சண்டை வரப்படாது! எல்லாரும் வரிசையா வாங்க!" கையில் மந்திரத்தின் வாளி.

ஊர் வடக்கே இருக்கிறது. பாதையில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். போய்வர எட்டு நிமிடம் ஆகியிருந்தது. குடம் பத்தொன்பது. வாளி பத்து, மெம்பருடையதைச் சேர்த்தால் பதினொன்று. தூக்குவாளி ஆறு. டின் நாலு. அண்டா ஒன்று. எல்லாருக்கும் முன்னால் அந்த அண்டா வந்தது. தலையில் கவிழ்த்துக்கொண்டு, தோள்வரை மூடி, கீழே சேலையும் இரண்டு காலும் மட்டும் தெரிய, வேகமாக வந்தது. அந்தக் காலை எனக்குத் தெரியும்.

நான் ஓடினேன், தம்பி. அறுபத்தேழு வயதில். எண்பத்திரண்டு எட்டு வைத்தேன். ரோட்டைக் கடந்து பாதை முனைக்குப் போய் மெம்பருக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து விரலை நீட்டிப் பார்த்தேன். லாரியின் முன்சக்கரம்கூட மறையவில்லை. அதற்கு மேல் அளந்து பிரயோஜனம் இல்லை என்று கையை மடக்கிக்கொண்டேன்.

முதலில் உண்மையைத்தான் சொன்னேன். "எம்மா, அது எண்ணெய் இல்ல. ஆசிட்."

மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. மூன்றாவதாக வந்த சொர்ணத்துக்கு மட்டும் கேட்டது. சொர்ணம் எனக்கு மதினி முறை, வாய் நீளம். "என்ன கொழுந்தனாரே, ஆசிட்டா? கக்கூஸ் களுவுற ஆசிட்டா?"

"ஆமா" என்றேன். சரக்கு அதேதான், இது வீரியம் ரொம்ப அதிகம், ஆளையே அரித்துவிடும் என்று அடுத்து சொல்ல இருந்தேன். அதற்குள் அவள் திரும்பி, "ஏட்டி, கக்கூஸ் களுவுற ஆசிட்டாம்! ஒரு கொடம் பிடிச்சா ஒரு வருசத்துக்கு ஆச்சு! ஓடியாங்க!" என்றாள்.

கூட்டம் இன்னும் வேகமாக வந்தது.

"நான் போன மாசந்தான் கடையில ரெண்டு பாட்டில் வாங்குனேன், எளவு" என்று யாரோ வருத்தப்பட்டது காதில் விழுந்தது. மெம்பர், "ஆளுக்கு ஒரு கொடம்தான்! ஆசிட்டுக்கும் வரிசைதான்!" என்றார்.

என்ன செய்ய? ஆபத்து என்று சொன்னால் எங்கள் ஊரில் பார்க்க வருவார்கள். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். எடைச்சீட்டில் பத்து கிலோ கூட்டிக் குறைத்து எழுதியது கிடையாது. ஆனால் அன்றைக்கு வாயில் தானாக வந்தது. இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். "செப்டிக் டேங்க் லாரி! டவுன் ஆஸ்பத்திரியில அள்ளுனது! புளிச்சுப்போய்ப் பொகையுது, பாருங்க!"

ஒரு நொடி. அப்புறம் சொர்ணம், "அய்ய!" என்றாள். குடத்தைப் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் போட்டாள். "கால்ல பட்டுட்டா? பட்டுட்டா பாருட்டி!" என்று ஒருத்தி காலைத் தூக்கி நொண்டியடித்தாள். மெம்பர் வாளியை அப்படியே விட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினார். இருபத்துமூன்று பெண்கள், ஒரு மெம்பர், வந்த வழியே ஊருக்குள். உயிர் போகும் என்பதற்கு நிற்காதவர்கள் இதற்கு நிற்கவில்லை. எண்ணிக்கொண்டேன், இருபத்துமூன்று.

இருபத்துநாலாவது என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அண்டாவுக்குள் காது இருக்கிறதே. அவளுக்கு ஆசிட்டும் கேட்கவில்லை, செப்டிக்கும் கேட்கவில்லை. காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு லாரியை நோக்கிச் சரிவில் இறங்கிவிட்டாள். அவளுக்கும் அந்தத் தேக்கத்துக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். எனக்குக் கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது. "இந்தா!" என்றேன். "ஏ, இந்தா! இங்க பாரு!" அப்படித்தான் கூப்பிடுவேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம், அப்படிக் கூப்பிட்டால் வருவாள், பேர் தேவைப்பட்டதில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு நிற்கவில்லை. இருபத்தைந்து அடி. இருபது அடி.

"முத்துப்பேச்சி!"

அது நான்தான் கத்தியது. அவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பதினொரு ஆடும் திரும்பிப் பார்த்தன. ஜெபசெல்வி அங்கே கையில் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அவளும் நின்றாள். அண்டாவுக்குள் எதிரொலித்திருக்கும். மெதுவாகத் திரும்பினாள். அண்டா தலையிலிருந்து நழுவியது, விழுந்தது, சரிவில் உருண்டு போய் அந்த மஞ்சள் தண்ணீரில் உட்கார்ந்தது. அவளுடைய அம்மா வீட்டுச் சீர் அது. அலுமினியம், அவள் அப்பா பேர் புள்ளி புள்ளியாக வெட்டியது. சர்ரென்று பொங்கியது பாருங்கள், வெள்ளைப் புகை, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி. ஆச்சரியம் என்னவென்றால் அவள் அந்த அண்டாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். அதிர்ச்சி, பாவம். கையைப் பிடித்து மேற்கே இழுத்துக்கொண்டு போனேன். ஏழு நிமிடத்தில் அண்டாவுக்கு அடி இல்லை.

ஊருக்குள் ஓடியவர்களை ஜெபசெல்வி போனில் கூப்பிட்டு மேற்குத் தெரு வழியாகச் சுற்றி வரவைத்தாள். வந்து அண்டாவைப் பார்த்தார்கள். அப்புறம் நான் சொல்லாமலே ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது முப்பத்தேழு பேர் ஒரு கண்ணை மூடி விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். டிரைவர் மட்டும் குறைவு. அவர் இரண்டு கிலோமீட்டர் மேற்கே ஒரு புளியமரத்தடியில் கிடைத்தார். இறங்கின அதிகாரி எங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாரும் கைநாட்டு வைக்க வந்திருக்கீங்களா?" என்றார். அப்புறம் நாங்கள் நின்ற இடத்தையும் காற்றையும் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, "யார் உங்களை இங்க நிறுத்துனது?" என்றார்.

எனக்குக் கூச்சம். குனிந்துகொண்டேன். மெம்பர் நுரைக் கன்னத்தோடு முன்னால் போய், "நான்தான் சார், வரிசைப்படுத்துனேன்" என்றார். பேப்பரில் அதுதான் வந்தது. துரிதமாகச் செயல்பட்டுப் பொதுமக்களை ஒழுங்குபடுத்திய வார்டு உறுப்பினர் என்று, பாதிச் சவரத்தோடு படம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் என்று போட்டானே, அதுதான்.

தீயணைப்புக்காரர்கள் வேலை செய்த விதம் ஒழுங்கு. முகமூடி, கையுறை, முழங்கால் வரை ரப்பர். தண்ணீரைப் புகைமேல் தூவலாக அடித்தார்கள், மண் போட்டு மறித்தார்கள், சுண்ணாம்பு மூட்டை நாற்பது கொண்டுவந்து கொட்டினார்கள். ஓடையில் கலந்துவிடாமல் ரொம்பத் தள்ளிக் கீழே ஒரு கரை போடவேண்டும் என்றார்கள். இருபத்துநாலு மண்வெட்டியும் அங்கேதான் கிடந்தது. புகை அண்டாத அந்த இடத்தில் எங்கள் பெண்கள் அரை மணி நேரத்தில் கரை போட்டார்கள். அந்த வருடம் அவர்கள் வெட்டிய மண்ணில் அதுதான் அதிகம். என்னை ஒருவர் உட்காரவைத்து, கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் விட்டார். பதினாலு நிமிடத்தில் நிறுத்தப் பார்த்தார். இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ரோட்டில் போட்டுவிட்டு ஓடிய ஏனங்கள் அண்டாவைச் சேர்க்காமல் இருபத்தாறு, மிச்சம் பதினாலு கையோடு ஊருக்குள் போய்விட்டது. நல்ல தண்ணீரில் கழுவி எடைமேடைக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். அவருக்குக் கோபம். டேங்கர் கவிழ்ந்த இடத்துக்குக் குடத்தோடு வருகிறவர்களுக்கு இன்றைக்குப் புத்தி வரவேண்டும் என்றார். குடத்தில்தான் பேர் வெட்டியிருக்கிறதே, அது போதும் என்று எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அவர் வெளியூர். எங்கள் பக்கத்தில் குடத்தில் இருப்பது குடத்துக்காரர் பேர் இல்லை, குடத்தைக் கொடுத்தவர் பேர் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"சு. அருணாசலம்! யாருய்யா? முன்னால வா!"

யாரும் போகவில்லை. சொர்ணம்தான், "அவரு செத்து ஒம்பது வருசம் ஆகு சார்" என்றாள்.

"செத்தவரா எண்ணெய் பிடிக்க வந்தாரு?"

"உசிரோட இருக்கையிலயும் அவரு அப்படித்தான் சார். எங்க எது கெடைச்சாலும் முன்னால நிப்பாரு."

அடுத்த குடம். "இப்படிக்குக் கூட்டாளிகள், கபடிக் குழு." எத்தனை பேர் அந்தக் குழுவில் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். வாயை மூடும் என்றார். அடுத்த ஒன்பது குடமும் ஒரே மாதிரி. ஒன்பதிலும் ஊராட்சித் தலைவர் பேர், அன்பளிப்பு, தேர்தல் நடந்த மாதம், வருடம். சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். தலைவர் அங்கேதான் நின்றார். ஒன்பது குடத்தையும் முதன்முறை பார்ப்பது மாதிரி பார்த்தார். "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார். எம்பேருல எவனோ வெட்டியிருக்கான்" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாகத் திட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் ஒவ்வொருத்தியாக என்னிடம் வருவாள், "பக்கத்து வீட்டுக் கொடம் அண்ணாச்சி, நான் குடுத்துருதேன்" என்பாள். எல்லாம் பக்கத்து வீட்டுக் குடம்தான். சொந்தக் குடம் ஒன்றுகூட இல்லை.

இதெல்லாம் போகட்டும். எனக்குக் கவலை வேறு. அன்றையிலிருந்து என் வீட்டுக்காரிக்குக் காது சரியாக இல்லை.

"இந்தா, தண்ணி கொண்டா" என்பேன். வரமாட்டாள். "ஏ, இங்க பாரு" என்பேன். அரிசி புடைத்துக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாள் கேட்டாள், "அன்னைக்கு என்னமோ சத்தம் போட்டீகளே, என்னது?"

"செப்டிக் டேங்க்னு சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"ஆஸ்பத்திரியில அள்ளுனதுன்னு சொன்னேன்."

"அதுக்கும் அப்புறம்."

"அதுக்கப்புறம் நீதான் வந்துட்டியே" என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்டா போன வருத்தம் ஒரு பக்கம், அந்தப் புகை காதுக்குள் போயிருக்கும் என்ற பயம் ஒரு பக்கம். ஒன்பதாம் நாள் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வரமாட்டேன் என்றாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். அந்த இரைச்சலிலும் நர்ஸ் உள்ளேயிருந்து "முத்துப்பேச்சி" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். இவள் சட்டென்று எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். டாக்டர் இரண்டு காதையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு உங்களைவிட நல்லாக் கேக்குது" என்றார். வீட்டுக்கு வந்தோம். "இந்தா, சோத்தைப் போடு" என்றேன். கேட்கவில்லை. மறுபடி அடைத்துவிட்டது.

இப்போது இருபத்துமூன்று நாள் ஆகிறது. சரி, அண்டாதான் காரணம், அதை வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று இன்றைக்குப் புறப்பட்டு வந்தேன். உங்கள் முழங்காலில் இடிக்கிறதே, இந்தச் சாக்குக்குள் இருப்பது அதுதான். மன்னிக்கவேண்டும். அதே அளவு, அதே அலுமினியம். பேர் வெட்டுகிறவர் கேட்டார், யார் பேர் போட என்று. மாமனார் பேரை நான் வெட்டினால் நன்றாயிருக்காது. கொடுப்பது நான், ஆனால் என் பேரைப் போட்டுக்கொள்ளக் கூச்சம். கடை நிறையக் கூட்டம், வாயால் சொல்ல முடியவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிப் பிடித்து, "முத்துப்பேச்சியா? யாரு அண்ணாச்சி?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"வீட்டுல" என்றேன்.

அதை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அந்த நர்ஸ் ஞாபகம் வந்தது. எனக்கு ஒரு சந்தேகம், தம்பி. சந்தேகம் என்று வந்தால் சோதித்துப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு தடவை தற்செயலாக நடந்திருக்கலாம். மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தால் அது கணக்கு.

விலக்கு வந்துவிட்டது. கண்டக்டர், இறங்கணும்! பாருங்கள், இதுகூட உங்களோடு பேசிக்கொண்டு வந்ததில் சத்தமாகத்தான் வருகிறது. அதோ, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை, அவள்தான். அண்டா வாங்கப் போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. எதற்கு வந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் எவ்வளவு பேர் நிற்கிறார்கள் பாருங்கள். இத்தனை பேருக்கு நடுவில் எப்படிக் கூப்பிடுவது? சொர்ணம் வேறு நிற்கிறாள். ஒன்று, இரண்டு, நாலு, ஏழு, ஒன்பது.

இதில் அவளைத் தவிர எல்லாரும் ஏறுகிறவர்கள்தான். கொஞ்சம் பொறுங்கள், அவர்கள் ஏறட்டும், நான் பின்வாசல் வழியாக இறங்கிக்கொள்கிறேன். இந்தச் சாக்கை மட்டும் ஒரு கை பிடியுங்கள். இரண்டு. ஐந்து. சொர்ணம் ஆறு. ஏழு. எட்டு.

மிச்சம் ஒன்று.